தலைவர் கண்மூடியபடி கூறினார்

தலைவர் தூங்கிக்கொண்டுதான் சொன்னார். ஆனால் தெளிவாகச் சொன்னார்.

“கிழக்குப் படகுத்துறையில ரெண்டு பெஞ்சு போடுங்க. வயசானவங்க நின்னுக்கிட்டே இருக்காங்க.”

சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து குறட்டையைத் தொடர்ந்தார்.

அரசுப் படகுப் போக்குவரத்து நிறுவனத்தின் இயக்குநர் குழுக் கூட்டம் அது. இரண்டாம் மாடி அறை. ஜன்னலுக்குக் கீழே ஆறு. மத்தியான வெயில் தண்ணீரில் பட்டுத் திரும்பி, அறையின் கூரையில் வெளிச்ச வலைகளாக அசைந்துகொண்டிருந்தது. அங்கே பத்து நிமிடம் உட்கார்ந்தால் யாருக்கும், கட்டடம் மெல்லக் கரையை விட்டு நகர்கிறதோ என்று ஒரு சந்தேகம் வரும். தலைவர் தூங்கியதில் ஆச்சரியமில்லை. மற்றவர்கள் விழித்திருந்ததுதான் ஆச்சரியம்.

மேசையின் கோடியில் மினிட் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த பெண், அந்த இரண்டு வாக்கியங்களையும் எழுதி முடித்து முற்றுப்புள்ளியும் வைத்திருந்தாள். புள்ளி வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

அந்த நிறுவனத்தில் ஒரு வழக்கம் உண்டு. எப்போதோ ஒரு குறிப்பாளர் கூட்டக் குறிப்புகளை வீட்டுக்கு எடுத்துப்போய், இரண்டு வாரம் கழித்துச் சுத்தமாக எழுதிக்கொண்டு வந்தபோது, தீர்மானங்களில் பாதி ஆளே மாறிப்போயிருந்தன. அன்றிலிருந்து கூட்டம் நடக்கும்போதே நேரடியாகப் புத்தகத்தில், மையில், எழுத வேண்டும். மற்றவர்கள் பேச்சைச் சுருக்கலாம். தலைவர் பேச்சைச் சொன்னது சொன்னபடி எழுத வேண்டும். அடிக்கக் கூடாது, கிழிக்கக் கூடாது, வெள்ளை மை தடவக் கூடாது. முடிவில் உரக்க வாசித்து, யாரும் ஆட்சேபிக்காவிட்டால் தலைவர் கையெழுத்திடுவார். கையெழுத்தானால் அது தீர்மானம்.

அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்த இரண்டு பேர், ஆளுக்கு ஓர் அடித்தலுக்காக வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள். அவளுடைய தகுதிகாண் வருடம் முடிய இன்னும் நான்கு மாதம் இருந்தது. பிறகு பணி நிரந்தர உத்தரவு; அதில் கையெழுத்திட வேண்டியவரும் இதே தலைவர்தான்.

அவள் பக்கத்தில் இருந்த நிறுவனச் செயலாளரிடம் குனிந்தாள்.

“சார், அவர் தூங்குறார்.”

“தெரியும்.”

“நான் எழுதிட்டேன்.”

செயலாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். அவர் ஓய்வுபெற ஏழு மாதம் இருந்தது. அந்த ஏழு மாதத்தையும் ஒரு கூடை முட்டையைப்போலச் சுமந்து நடந்துகொண்டிருந்தார்.

“எதுல எழுதின?”

“புத்தகத்துல.”

“மையிலயா?”

“மையிலதான் சார்.”

“அடிக்காத. கடைசியில வாசிக்கும்போது அந்த வரியை மட்டும் வேகமா வாசிச்சிடு. யாருக்கும் காதுல விழாது.”

அவள் அந்த வரியை வேகமாக வாசித்தாள். அதுவரை ஒரே தாளத்தில் போய்க்கொண்டிருந்த குரல் திடீரென்று ஓடியதும், அரைத்தூக்கத்தில் இருந்த எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

“இன்னொரு தடவை வாசிங்க,” என்றார் துறை அதிகாரி. அமைச்சகத்தின் சார்பில் குழுவில் இருப்பவர் அவர்.

அவள் வாசித்தாள். துறை அதிகாரி யோசித்தார். தலைவர் விழித்திருக்கும்போது மொத்தம் மூன்று வாக்கியம்தான் பேசுவார்: ‘சரி’, ‘மேலிடத்துல கேட்டுக்கலாம்’, ‘அடுத்தது’. அப்படிப்பட்டவர் பெஞ்சு என்கிறார் என்றால் மேலே, தனக்கும் மேலே, யாரோ சொல்லியிருக்க வேண்டும். தனக்குத் தெரியாது என்று காட்டிக்கொள்வது புத்திசாலித்தனம் அல்ல.

“எனக்கு ஆட்சேபணை இல்ல,” என்றார்.

இதைத் துறை அதிகாரிதான் தலைவரிடம் சொல்லிவைத்திருக்கிறார் என்று நிதி இயக்குநர் எடுத்துக்கொண்டார். அந்த அம்மாளும் தலையாட்டினார்.

சுயேச்சை இயக்குநர் ஓய்வுபெற்ற பேராசிரியர். “நான் சுயேச்சை. எந்தப் பக்கமும் சாய மாட்டேன்,” என்று சொல்லி நாற்காலியில் பின்னால் சாய்ந்துகொண்டார்.

தலைவர் அப்போதுதான் கண்விழித்தார். “நானா சொன்னேன்?” என்று புத்தகத்தை ஒரு தரம் பார்த்தார். “குழுவுக்கு ஆட்சேபணை இல்லன்னா எனக்கென்ன.”

கையெழுத்தாயிற்று.

ஒரு பேனா ரீஃபில் வருவதற்கே இருபது நாள் ஆகும் அந்த நிறுவனத்தில், பெஞ்சுகள் பதினோராம் நாள் வந்து இறங்கின. மாலையில் அக்கரை ஆஸ்பத்திரியில் நர்சு வேலை முடிந்து திரும்பிய அவளுடைய அக்கா, செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்.

“இன்னிக்குப் போகும்போது உட்கார்ந்து படகுக்குக் காத்திருந்தேன்டி. உங்க ஆபீசுல யாரோ கண்ணைத் தொறந்துட்டாங்க போல.”

அவள் அக்காவின் செருப்பை எடுத்து ஓரமாக வைத்தாள்.

அடுத்த கூட்டத்துக்கு அவள் முறையாகத் தயாரானாள். ஒரு தாளை எடுத்து, தூக்கத்துக்கான காரணங்களை வரிசையாக எழுதினாள்: மத்தியானச் சாப்பாடு, வெயில், கூரை வெளிச்சம். மூன்றுக்கும் ஒரே மருந்து, கூட்டத்தைக் காலை ஒன்பதுக்கு மாற்றுவது. கூடவே திக்காகக் காப்பி. செயலாளர் ஒப்புக்கொண்டார். ஓய்வு வரைக்கும் எதற்கும் ஒப்புக்கொள்வது என்று அவர் தீர்மானித்திருந்தார்.

அன்று காலை ஆற்றிலிருந்து பனி எழுந்து ஜன்னலை மூடிக்கொண்டது. அறைக்குள் வெள்ளையாக, பஞ்சுக்குள் வைத்ததுபோல் ஒரு நிசப்தம். எங்கோ ஒரு படகு ஊதியது. அது நேற்று ஊதியது இன்றுதான் வந்து சேர்ந்ததுபோல் கேட்டது. காப்பியின் வேகத்தில் மற்ற இயக்குநர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் கைகழுவும் அறைக்குப் போய் வந்தார்கள். தலைவர் மட்டும் இரண்டு கோப்பை குடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்.

மூன்றாம் பொருளுக்கு வந்தபோது குறட்டை நின்றது. அவள் பேனாவைத் தாளில் ஊன்றினாள்.

“மூணாவது படகோட நங்கூரக் கயிறு இத்துப்போச்சு...”

பேனா பாதியில் நின்றுவிட்டது. அவள் உதறினாள். வரவில்லை. செயலாளரின் சட்டைப்பையிலிருந்து அவருடைய பேனாவை உருவி, மூடியைத் திறந்து, தாளின் மேல் வைத்தாள்.

“இத்துப்போச்சு,” என்றார் தலைவர் மறுபடி. “மாத்துங்க.”

தூக்கத்தில் பேசுகிறவர்கள் சொன்னதையே திரும்பச் சொல்வார்கள் போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

இந்தத் தடவை வரியை மெதுவாக வாசித்தாள். அது இன்னும் மோசம். தீர்ப்பு வாசிப்பதுபோல் இருந்தது. பொறியாளரை அனுப்பிப் பார்த்தார்கள். அவர் கயிற்றைப் பிடித்து லேசாக இழுத்திருக்கிறார். பாதி கையோடு வந்துவிட்டது.

“ஆபீஸ் அறையை விட்டு வெளிய வராத மனுஷன். எப்படிய்யா தெரிஞ்சுது?” என்று நிதி இயக்குநர் நடையில் யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தார். குரலில் பயமும் பக்தியும் சரிபாதி.

மூன்றாம் கூட்டத்தில் நிதி இயக்குநரே எழுந்து திரையை இழுத்துவிட்டார். தலைவரின் டிரைவர் காரிலிருந்து ஒரு சின்ன மெத்தையைக் கொண்டுவந்து நாற்காலியில் போட்டுவிட்டு, இருமல் வராமல் வாயைப் பொத்திக்கொண்டு போனார். தாள்கள் சத்தமில்லாமல் புரண்டன.

“நாலாம் பொருளை எடுத்துக்கலாமா?” என்று செயலாளர் கேட்டார்.

“முக்கியமான விஷயம் சார்,” என்று துறை அதிகாரி ரகசியக் குரலில் சொன்னார். “அவர் தூங்கட்டும், எடுத்துக்கலாம்.”

அவர் தூங்கினார். குழந்தையோடு வருகிறவர்களுக்குத் தனியாக ஒரு பயணச்சீட்டுச் சன்னல் திறக்கச் சொன்னார். திறந்தார்கள்.

வீட்டில் அவள் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து சோற்றை நான்கு சம பாகமாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

“என்னடி, நிலத்தை அளக்குற மாதிரி,” என்றாள் அக்கா.

“அக்கா, அவர் தூக்கத்துல சொல்றார். நான் அவர் சொன்னார்னு எழுதறேன். அது பொய்தானே?”

“அப்ப தூக்கத்துல சொன்னார்னு எழுது.”

“எழுதினா அவருக்கு அவமானம். வேலை போயிடும்.”

“எழுதலன்னா?”

“பின்னால யாராவது கண்டுபிடிச்சா, பொய் எழுதினேன்னு போயிடும்.”

“ரெண்டுலயும் போகுதுன்னா எதுக்கு யோசிக்கிற? நடுவுல ஏதாவது வழி பாரு. நாங்க ஆஸ்பத்திரியில ‘நோயாளி ஒத்துழைக்கவில்லை’ன்னு எழுதுவோம். நர்சைக் கடிச்சார்னு அர்த்தம்.”

அவள் மூன்று நாள் யோசித்து ஒரு நடுவழி கண்டுபிடித்தாள். நான்காம் கூட்டத்தில், தலைவர் சொன்ன வாக்கியத்துக்கு முன்னால் இப்படி எழுதினாள்: ‘தலைவர் கண்மூடியபடி கூறினார்.’

செயலாளர் அதை இரண்டு தரம் படித்தார். “பொய் இல்ல. உண்மையும் இல்ல. நீ இந்த ஆபீசுல நல்லா வருவ,” என்றார்.

மினிட்ஸின் நகல் வழக்கம்போல அமைச்சகத்துக்குப் போயிற்று. அங்கே நிறுவன நிர்வாக மேம்பாட்டுப் பிரிவு என்று ஒன்று உண்டு. மேம்படுத்த எதுவும் கிடைக்காமல் நெடுநாளாகக் காத்திருந்த பிரிவு. மூன்றாம் வாரம் சுற்றறிக்கை எண் பதினேழு வந்தது. அரசு நிறுவனங்களின் தலைவர்கள் அனைவரும் முக்கிய முடிவுகளுக்கு முன் பத்து நிமிடத்துக்குக் குறையாமல் கண்மூடி ஆலோசிக்க வேண்டும். காலாண்டுக்கு ஒருமுறை அறிக்கை அனுப்ப வேண்டும். கீழே குழுவின் துறை அதிகாரியே கையெழுத்திட்டிருந்தார். அரசு உப்பு நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்து தலைவரின் நாற்காலியை அளந்துகொண்டு போனார்.

அவள் சுற்றறிக்கையைக் கோப்பில் செருகினாள். ஒரு மனிதர் தூங்கினார். அதை அவள் எழுதினாள். இப்போது ஒரு நாடே கண்ணை மூடிக்கொள்ளப்போகிறது.

தகுதிகாண் வருடத்தின் கடைசிக் கூட்டம் அடுத்த மாதம். அதற்கு முந்தின நாள் செயலாளர் அவளைக் கூப்பிட்டார்.

“நாளைக்கு ஏழாம் பொருள் என்னன்னு பாத்தியா?”

“கண்ணாடிப் படகு சார்.”

அடிப்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்த படகு. பயணிகள் உட்கார்ந்தபடியே ஆற்றின் அடியைப் பார்க்கலாம். அமைச்சகத்தில் யாருக்கோ பழக்கமான ஒரு கம்பெனி அதைச் செய்து தருகிறதாம். பழைய நான்கு படகுகளுக்குப் புது இன்ஜின் வாங்க வேண்டிய இடத்தில் அதை வாங்கச் சொல்லிக் கடிதம் வந்திருந்தது. முந்தின வாரம் அக்காவிடம் சொன்னபோது, “இந்தக் கலங்கல் தண்ணியிலயா? சேத்தைப் பாக்க எவன் டிக்கெட் எடுப்பான்? பாதி ஆத்துல இன்ஜின் நிக்காம கொண்டுபோய் விட்டா போதும்,” என்று சொல்லியிருந்தாள்.

“துறை அதிகாரி போன் பண்ணினார்,” என்றார் செயலாளர். “நாளைக்குத் தலைவர் தூங்கக் கூடாதாம். முழிச்சிருந்தா ‘சரி, அடுத்தது’ன்னு சொல்லிடுவார். தூங்கினா என்ன சொல்வார்னு யாருக்கும் தெரியாது.”

“நான் என்ன சார் பண்றது?”

“உன் நாற்காலியை அவர் பக்கத்துல போட்டுக்க. கண்ணு சொருகினா எழுப்பிடு. உன் நிரந்தர உத்தரவு டைப் ஆகி அவர் மேசையிலதான் இருக்கு. தேதி ஒண்ணுதான் பாக்கி. புரியுதா?”

புரிந்தது. அன்று மாலையே அவள் ஒரு தாளில் எழுதினாள். ஒன்று, இருமல். இரண்டு, ஃபைலைக் கீழே போடுதல். மூன்று, சட்டைக் கையைத் தொட்டு எழுப்புதல். மூன்றாவதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள்.

கூட்டம் மறுபடி மத்தியானத்துக்கு மாறியிருந்தது. கூரையில் வெளிச்ச வலை ஆடியது. ஆறாம் பொருள் முடிந்தது. துறை அதிகாரி கண்ணாடிப் படகின் வண்ணப்படத்தை மேசையில் விரித்தார். படத்தில் தண்ணீர் நீலமாக இருந்தது, மீன்கள் சிரித்தன.

தலைவரின் இமைகள் மெல்ல இறங்கின.

அவள் இருமினாள். சுயேச்சை இயக்குநர் அவளுக்குத் தண்ணீர் நகர்த்தினார். தலைவர் அசையவில்லை.

அவள் ஃபைலைத் தள்ளிவிட்டாள். அது தரையில் விழுந்த சத்தத்தில் நிதி இயக்குநர் எழுந்தே நின்றுவிட்டார். தலைவர் குறட்டை விட ஆரம்பித்தார்.

துறை அதிகாரி அவளைப் பார்த்தார். செயலாளர் அவளைப் பார்த்தார். மிச்சம் இருந்தது மூன்றாவது வழி.

அவள் கையை நீட்டினாள். அப்போது ஜன்னல் வழியாக ஆறு தெரிந்தது. நடு ஆற்றில் ஒரு படகு இன்ஜின் நின்றுபோய், ஒரு யோசனையும் இல்லாமல் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மேல்தட்டில் ஆட்கள் புள்ளிபுள்ளியாக நின்றார்கள். மணி மூன்றரை. அக்காவின் டியூட்டி முடிந்து திரும்பும் நேரம். தண்ணீர் அந்தப் படகைத் திருப்பித் திருப்பி, ஒரு கனவைப் போல, சத்தமே இல்லாமல் ஓட்டத்தோடு இழுத்துக்கொண்டு போனது.

நீட்டிய கை தலைவரின் சட்டைக்கு ஓர் அங்குலம் முன்னால் நின்றது. பிறகு திரும்பி வந்து பேனாவை எடுத்தது.

குறட்டை நின்றது.

“கண்ணாடிப் படகு வேணாம்,” என்றார் தலைவர். “கலங்கல் தண்ணியில சேறுதான் தெரியும். மழைக்காலத்துல மரம் மிதந்து வந்து அடியில இடிக்கும்.” முற்றுப்புள்ளி வைக்கும் அளவுக்கு நிறுத்தினார். “இருக்கிற நாலு படகுக்கும் இன்ஜின் மாத்துங்க.”

அவள் ஒரு எழுத்து விடாமல் எழுதினாள். எழுதி முடித்ததும் குறட்டை தொடர்ந்தது.

துறை அதிகாரியின் முகம் சிவந்தது. “அவர் தூங்கறார்,” என்றார்.

இத்தனை மாதமாக எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை முதல்முதலாக ஒருவர் உரக்கச் சொன்னதும், அறையே வெட்கப்பட்டதுபோல் ஆயிற்று.

நிதி இயக்குநர் மெல்லத் தொண்டையைக் கனைத்தார். “தூங்கல சார். கண்மூடி ஆலோசிக்கிறார். சுற்றறிக்கை எண் பதினேழு. உங்க கையெழுத்து.”

“குறட்டை விடறாரேம்மா?”

“குறட்டையைப் பத்திச் சுற்றறிக்கையில ஒண்ணும் இல்லையே சார்.”

துறை அதிகாரி சுயேச்சை இயக்குநரின் பக்கம் திரும்பினார். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சின்ன விசைப்படகு போய், நின்றுபோன படகுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தது. புதுக் கயிறு.

“நான் சுயேச்சைதான்,” என்றார் அவர். “ஆனா எனக்கு நீச்சல் தெரியாது.” முதல்முறையாக ஒரு பக்கம் கையைத் தூக்கினார்.

அவள் உரக்க வாசித்தாள், வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. தலைவர் விழித்து, கண்ணைத் துடைத்து, புத்தகத்தை வாங்கிப் படித்தார்.

“நானா சொன்னேன்?” துறை அதிகாரியை வருத்தத்தோடு பார்த்தார். “குழுவே முடிவு பண்ணின பிறகு நான் ஒருத்தன் என்ன பண்ண முடியும், சொல்லுங்க.”

கையெழுத்தாயிற்று. துறை அதிகாரி வண்ணப்படத்தை மடித்தார். அது மடிந்த இடத்தில் ஒரு மீனின் சிரிப்பு இரண்டாயிற்று.

நாலரை மணிக்கு அவளுடைய நிரந்தர உத்தரவு மேசைக்கு வந்தது. தேதி போட்டிருந்தது. அக்காவும் போன் செய்து, கரை சேர்ந்துவிட்டதாகவும், இன்ஜினைத் திட்டித் திட்டித் தொண்டை கட்டிவிட்டதாகவும் சொன்னாள். சந்தோஷப்பட எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் அவள் உத்தரவைப் பார்த்தபடி, இதை வாங்கிக்கொள்ள எனக்கு என்ன தகுதி என்று யோசித்தாள். பெஞ்சு, கயிறு, சன்னல், இன்ஜின், எல்லாம் ஒரு மனிதரின் கனவு. அவருக்கே தெரியாமல் அவர் கனவைத் திருடித் திருடித் தீர்மானமாக்கியது அவள். எழுப்பச் சொன்ன இன்று எழுப்பாமலும் விட்டாள்.

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, தேதி வாரியாக, கூட்டம் வாரியாக, எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு கடிதம் எழுதினாள். இரண்டு பக்கம் வந்தது. நிரந்தர உத்தரவையும் அதோடு சேர்த்து மடித்தாள். தலைவர் கிளம்பும்போது கையில் கொடுத்துவிடுவது.

கீழே வாசலில் கார் நின்றது. டிரைவர் அந்தச் சின்ன மெத்தையைத் தட்டித் தட்டித் தூசி போக்கிக்கொண்டிருந்தார். ஆற்றின் மேல் வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. படகுத்துறை பெஞ்சில் இரண்டு பெரியவர்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து உறங்கிக்கொண்டிருந்தார்கள்.

“ஐயா வர்றாரா அண்ணே?”

“இப்ப வந்துடுவார். என்னம்மா, முகம் இப்படி இருக்கு?”

“ஒண்ணுமில்ல. அவர்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும். கோபப்படுவாரோன்னு...” அவள் கடிதத்தை இன்னொரு மடிப்பு மடித்தாள். “வண்டியில போகும்போதும் இப்படித்தான் தூக்கத்துல பேசுவாரா?”

டிரைவர் மெத்தையைத் தட்டுவதை நிறுத்தினார்.

“தூக்கமா? அவருக்கா? மாத்திரை போட்டாலும் வராதும்மா. விடியறதுக்குள்ள எழுந்து டிக்கெட் எடுத்து, முதல் படகுல அக்கரை போயிட்டு வந்துடுவார். இன்னிக்கு வர்ற வழி பூரா அந்த இன்ஜின் வரியைத்தான் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். ‘குறட்டையை முன்னால விடட்டுமா, பின்னால விடட்டுமா’ன்னு என்கிட்ட கேட்டார். ரெண்டு பக்கமும் விடுங்கய்யா, அந்தப் பொண்ணுக்கு எழுத நேரம் கிடைக்கும்னு நான்தான் சொன்னேன்.”